வீடியோவில் வந்த திண்டிவனம்

ஷார்ஜா,
15-11-1986

அன்புள்ள அம்மாவுக்கு, சக்கரபாணி வணக்கத்தோடு எழுதுவது. நான் சுகமாக இருக்கிறேன். நீயும் தங்கச்சி அம்சாவும் நலம்தானே?

தை மாதம் நீ பஸ் படியிலிருந்து விழுந்து காலை ஒடித்துக்கொண்டாய். அதற்குப் பிறகு, "அம்மா நன்றாக நடக்கிறது" என்று அம்சா எழுதும்போதெல்லாம், எனக்காக மறைக்கிறாள் என்றே நினைத்தேன்.

நேற்று வெள்ளிக்கிழமை லீவு. ஆனியில் சினிமாக்காரர்கள் நம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து எடுத்ததாக அம்சா எழுதியிருந்த அந்த லாரிப் படத்தை, அறையில் வீடியோவில் போட்டார்கள். திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகிற ரோடாம். இரண்டு பக்கமும் பெரிய பெரிய மலை! கூட இருக்கும் விழுப்புரத்துக்காரர் விருத்தாசலம் அண்ணன் சிரித்துவிட்டார்.

"நம்ம ரோட்டுல ஏதுப்பா மல? பஸ் ஸ்டாண்டும் மெட்ராஸ்ல போட்ட செட்டாத்தான் இருக்கும்."

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. அப்போது பஸ் ஸ்டாண்ட் வந்தது. கிளம்பிய பஸ்ஸின் பின்னால் மல்லாட்டைக் கூடையோடு ஒரு பெண் ஓடினாள். நீதான்!

"அண்ணே, எங்கம்மா! ஓடிக்கினு போவுது பாருங்க!" என்று கத்திவிட்டேன்.

அவர் டேப்பைத் திருப்பித் திருப்பிப் போட்டுக் காட்டினார். "செட்டு இல்லப்பா, நெஜ திண்டிவனந்தான்" என்றார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன்.

இனிமேல் பஸ் பின்னால் ஓடாதே. இங்கே கிடைக்கிற வேர்க்கடலை நம் மல்லாட்டை மாதிரி இல்லை; லீவில் வந்த கோட்டக்குப்பத்து ஆட்கள் யாராவது இங்கே திரும்பினால், வறுத்தது கொஞ்சம் கொடுத்தனுப்பு. காஸெட்டைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அதனால் ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. உட்கார்ந்து வேண்டாம், நின்றுகொண்டு எடு.

வேலைக்குக் கூட்டிப் போகிற வேன்காரன் வந்து ஹாரன் அடிக்கிறான்.

உன் மகன்,
சக்கரபாணி