கெட்டித் தண்ணீர்

பிப்ரவரி 11
காலையிலிருந்து தெற்குக் காற்று. பகலில் கூரைப் பனி சொட்டுகிறது, இருட்டினால் மறுபடி உறைகிறது. முற்றத்தில் கால் வைத்தாலே வழுக்குகிறது. பாலத்துப் பாதையைப் பனிச்சரிவு மூடிவிட்டது. மாட்டுக்கான காய்ந்த புல்லெல்லாம் நாரின் என்கிற எங்கள் ஆற்றுக்கு அந்தப் பக்கம். மாமா குதிரையைச் சறுக்குவண்டியில் பூட்டி, உறைந்த ஆற்றின் மேலேயே போய் எடுத்து வருகிறார். இந்தக் காற்றில் ஆறு எத்தனை நாள் தாங்கும்?

பிப்ரவரி 13
ஆற்றில் நாங்கள் தண்ணீர் மொள்ளும் குழி ராத்திரி உறைந்துவிடும்; அதை உடைக்கப் போனேன். போன வாரம் கடப்பாரை எகிறியது. இன்று ஒரே போடு, பொத்துக்கொண்டது.

"அத்தை, கெட்டித் தண்ணி இளகிடுச்சு" என்றேன்.

கெட்டித் தண்ணி நானே கட்டிக்கொண்ட சொல். உறைந்த தண்ணீருக்கு எங்கள் பேச்சில் என்ன சொல்லோ, அதில்தான் மாமாவின் பெயர் தொடங்குகிறது. மருமகள் வாயில் அது வரக்கூடாது. இங்கே எழுதக்கூடக் கை வரவில்லை.

அத்தை ரொட்டி மாவிலிருந்து கையை எடுக்கவே இல்லை. "அவருக்குத் தெரியாத ஆறா? நேத்து வந்தவ நீ."

நேற்றா? மகளுக்கே ஆறு வயசாச்சு!

பிப்ரவரி 14
தூக்கமில்லை.

பிப்ரவரி 15
மகள் நுர்சாத்தின் அப்பா கசானிலிருந்து போன் செய்தார். சொன்னால் சிரிக்கிறார். "அப்பா பொறந்ததே அந்த ஆத்து மேலதான். நீ சும்மா இரு."

கட்டட வேலைக்கு அவ்வளவு தூரம் போய் உட்கார்ந்துகொண்டு சும்மா இருன்னா? எப்படி இருக்கிறது? நுர்சாத் வேறு, தாத்தாவோடு வண்டியில் போவேன் என்று குதிக்கிறாள். மாமாவிடம் நானே சொல்லிவிடலாமா? முகம் பார்த்துப் பேசிய பழக்கமே இல்லையே.

பிப்ரவரி 17
எழுதினாத்தான் மனசு அடங்கும்.

வாளியோடு கரைக்குப் போனேன். மாமா வண்டியை ஆற்றில் இறக்கிவிட்டிருந்தார். பின்னால் — ஐயோ — நுர்சாத். நடு ஆறு இளகி, மெலிந்து, கறுத்துக் கிடந்தது.

"மாமா! கெட்டித் தண்ணி! கெட்டித் தண்ணி!"

திரும்பிப் பார்த்துக் கையை ஆட்டினார். "தண்ணிதானே? வந்து நானே மொண்டு தாரேன்!" குதிரை நடந்துகொண்டே இருந்தது.

அதுக்கப்புறம் வாய் என் பேச்சைக் கேக்கல.

"முஸ்! முஸ்! முஸாபர், நில்லு!"

வாயில வரக்கூடாத அந்தச் சொல்லு, பின்னாடியே முழுப் பேரு. அதுல 'நில்லு'ன்னு வேற.

கடிவாளத்தை அப்படியே இழுத்துப் பிடித்தார். பேயைப் பார்த்த மாதிரி என்னைப் பார்த்தார். வண்டி நின்ற பிறகுதான் அவருக்கும் அது கேட்டது — முன்னால் படபடவென்று விரிசல் ஓடும் சத்தம். குதிரையைப் பின்வாக்கிலேயே நடத்திக் கரைக்குக் கொண்டுவந்தார். பிள்ளையை என் கையில் கொடுத்தார்.

பிப்ரவரி 18
அத்தை பக்கத்து வீட்டில் கேட்டாராம்: "உசுரே போனாலும் மாமனார் பேரை ஒருத்தி சொல்லுவாளா?"

மாமா தேநீர்க் கிண்ணத்தை வாங்கிக்கொண்டார். நிமிர்ந்து பார்க்கவில்லை. அம்மா வீட்டுக்குப் போய்விடலாமா? என் பிள்ளை என் மடியில் இருக்கிறாள், அது போதும். இல்லை, போதவில்லை.

பிப்ரவரி 20
மறுபடி கடுங்குளிர். புல் தீர்ந்து மாடுகள் கத்துகின்றன. காலையில் மாமா குதிரையைப் பூட்டும் சத்தம். நான் அடுப்படியை விட்டு நகரவில்லை.

வாசலிலிருந்து குரல், அத்தை காதில் நன்றாக விழும்படி: "மருமகளே! ஆத்துக்குப் போயி, என் பேரு இன்னிக்கு எவ்வளவு தாங்கும்னு பாத்துட்டு வா. நீ சொன்னாத்தான் வண்டி இறங்கும்."

கடப்பாரையை எங்கே வைத்தேன் என்று தேடினேன். அத்தைதான் எடுத்துக் கொடுத்தார்.