அச்சில் வராத பாதி

பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் இன்று புது வாசிகசாலைக்குள் எட்டிப் பார்த்தேன். அதற்கு உன் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். வார்னிஷ் வாசனை இன்னும் போகவில்லை. வாசலுக்கு நேரேயுள்ள சுவரில் உன் கட்டுரையைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் போட்டுத் தொங்கவிட்டிருக்கிறார்கள். பத்திரிகையில் வந்த அதே தலைப்பு, கீழே உன் பெயரின் முதலெழுத்துகள். நீ எழுதியதில் பாதி.

சட்டத்தை நேராக்கிக்கொண்டிருந்த தச்சர், "வடிவா இருக்கா டீச்சர்?" என்றார். "ஓம்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை. அவர் துக்கம் என்று நினைத்திருப்பார். உன் சாவின் துக்கத்தை நான் போன வருடமே அழுது தீர்த்துவிட்டேன். இது கோபம். இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

அந்த மாரி நினைவிருக்கிறதா? வாவி நிரம்பித் ததும்பியது. அது கடலில் கலக்கும் முகத்துவாரத்தை மணல் அடைத்திருந்தது. வெள்ளம் ஏறினால் வழக்கமாக ஆட்கள் போய் அந்த மணலை வெட்டிவிடுவார்கள். மண்வெட்டியால் ஒரு சின்ன வாய்க்கால் போட்டால் போதும், மீதியை வெள்ளமே அறுத்துக்கொண்டு கடலுக்குப் போய்விடும். அந்த முறை நேரத்துக்கு யாரும் வெட்டவில்லை. வட்டை வட்டையாக வயல் மூழ்கியது. கிரானில் என் அப்பாவின் பயிரும் கதிர் வெளிவராத குடலைப் பருவத்திலேயே அழுகியது. ஒரு பாண் ரொட்டிக்கு விடியுமுன்பே வரிசையில் நின்ற காலம் அது. மரவள்ளிக்கிழங்கைத் தின்றுகொண்டு, கண்ணெதிரே நெல் அழுகும் நாற்றத்தை முகர்ந்துகொண்டிருந்தோம்.

ஏறாவூர் சரீப் காக்காதான் காரணம் என்று ஊர் முடிவு கட்டியது. அவர் இறால் முதலாளி, தண்ணீர் அடைபட்டு நின்றால் அவருக்குத்தான் இறால் பெருகும், ஆட்களைத் தடுத்தது அவர்தான் என்றார்கள். ஆளுங்கட்சிக்காரர் அப்படிச் சொன்னார்கள். நம் கட்சிக்காரரும் அப்படியே சொன்னார்கள். ஒருநாளும் எதிலும் ஒத்துப்போகாத இரண்டு கூட்டம் இதில் மட்டும் எப்படி ஒத்துப்போனது என்று கேட்டவள் நீ ஒருத்திதான். அதற்குள் அவருடைய மீன் வாடிக் கொட்டகையை எரித்துவிட்டார்கள். என் அப்பா எரிக்கப் போகவில்லை. எரிந்தது என்று கேள்விப்பட்டதும், "வேணும் அவனுக்கு" என்றார்.

பட்டத்தை வைத்துக்கொண்டு வேலையில்லாமல் இருந்தோம் இருவரும். நீ கொழும்புப் பத்திரிகை ஒன்றுக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தாய். எழுதுவது பெண் என்றுகூட வாசிப்பவர்களுக்குத் தெரியாது. எங்கே போனாலும் என்னையும் இழுத்துக்கொண்டு போவாய். "நீ வாயத் துறக்காம இரு புள்ள. உன்ன ஆரும் கவனிக்கமாட்டாங்க. நீ அவங்கட கையப் பாரு, நான் முகத்தப் பாக்கன்."

முகத்துவாரத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில், பூவரசு நிழலில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த மூன்று பேரிடம் போனோம். மணல் வெட்டுகிறவர்கள் அவர்கள்தான். யார் தடுத்தது என்று நீ கேட்கவில்லை. அதைக் கேட்டவர்களுக்கெல்லாம் "எங்களுக்கு ஒண்டும் தெரியா" என்ற பதில்தான் கிடைத்திருந்தது. நீ சாப்பாட்டைப் பற்றிக் கேட்டாய்.

"அண்ணன், வெட்டப் போற அண்டைக்கு ஆர் சோறு தாற?"

"கூப்பிட்டவங்கதான். அது வழமைதானே."

"இந்த முற என்ன கறி?"

மூத்தவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "முதல்ல ஆளுங்கட்சி அமைப்பாளர் வீட்ட. சோறும் கணவாய்க் கறியும். மந்திரி வந்துதான் முதல் மண்ண வெட்டுவாராம், படம் புடிப்பாங்களாம், நில்லுங்க எண்டார். நிண்ட நாங்க. மந்திரி வரல்ல."

"பிறகு?"

இளையவரின் கையில் வலை ஊசி அப்படியே நின்றது. நான் உன் முழங்கையைத் தொட்டேன். நீ அவர் பக்கம் திரும்பினாய்.

"பிறகும் பட்டினியோட விட்டிருக்கமாட்டாங்களே, தம்பி?"

"இல்ல அக்கா. பொறுத்துப் பாத்து நாங்களே வெட்ட வெளிக்கிட்ட. அப்பதான் உங்கட கட்சித் தலைவர் கூப்பிட்டு அனுப்பின. இப்ப வெட்டினா அவங்கதான் வெட்டின எண்டு பேரெடுப்பாங்க, கிடக்கட்டும், பழி அவங்கட தலையில விழட்டும் எண்டார். அவர்ர வீட்ட ஆட்டுக்கறி."

"சரீப் காக்கா வீட்ட?"

மூன்று பேரும் சிரித்தார்கள். "அந்த மனிசன் ஒரு வெறுந்தேத்தண்ணியும் தரல்ல புள்ள! அவர நாங்க அந்தப் பக்கம் காணவே இல்ல."

நீ அதோடு விடவில்லை. இரண்டு வீட்டுக் குசினிகளுக்கும் போய்ச் சமைத்த பெண்களிடம் பேசினாய். ஒரு வீட்டில் தேங்காய் துருவிக் கை கடுத்த கதையைச் சொன்னார்கள், மற்ற வீட்டில் ஆடு வாங்கின கதையை. "சோறு கிடைக்காத காலத்தில சோறு போட்ட வீட்ட ஆரும் மறக்கமாட்டாங்க, அதில பொய் சொல்லவும் யோசிக்கமாட்டாங்க" என்றாய். பிறகு அமைப்பாளரிடமும் தலைவரிடமும் நேரிலே போய்க் கேட்டாய். இருவரும் சரீப் காக்காவின் பெயரைத்தான் சொன்னார்கள்.

இரண்டு வீட்டையும் எழுதினாய். கடைசிப் பத்தியில் சரீப் காக்காவுக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை என்று எழுதினாய். அச்சில் வந்தது அமைப்பாளர் வீட்டுக் கணவாய்க் கறி மட்டும். பத்திரிகை நம் கட்சியின் பக்கம் நிற்கும் பத்திரிகை. நம் தலைவரை வெட்டிவிட்டார்கள். சரீப் காக்காவையும் வெட்டிவிட்டார்கள், அவருக்கு இடமில்லையாம். பொய் என்றால் மறுக்கலாம். அச்சான அந்தப் பாதியில் ஒரு சொல் பிழையில்லை. அதை எப்படி மறுப்பது? ஆளுங்கட்சியின் பக்கம் நிற்கும் பத்திரிகைக்கு முழுவதையும் அனுப்பினாய். அவர்கள் ஆட்டுக்கறியை மட்டும் போட்டார்கள். "ரெண்டையும் ஒட்டி வெச்சுத்தான் வாசிக்கணும் போல" என்று சிரித்தாய். ஒட்டிவைத்துப் பார்த்தாலும் சரீப் காக்கா அதில் இல்லை. நம் ஊரில் இரண்டு பத்திரிகையும் வாங்குகிற வீடும் இல்லை.

முதல் பாதி வந்த அன்று தலைவர் உன் வீட்டுக்கே வந்துவிட்டார். "எங்கட புள்ள! சிங்கக்குட்டி!" என்றார். உன் அம்மா தேநீர் கொடுத்தார். நீ கதவு நிலையில் சாய்ந்தபடி கேட்டாய்:

"ஐயா, உங்கட வீட்டு ஆட்டுக்கறியையும் எழுதினன். அவங்கதான் போடல்ல. நல்ல கறியாமே?"

அவர் சிரிக்கத் தொடங்கி, பாதியில் விட்டார். கோப்பையைக் கீழே வைத்தார். "மகள், நம்மட சனத்துக்கு நம்ம ஆக்களே குழி வெட்டக் கூடாது."

"வயல் மூழ்கினதும் நம்மட சனத்துக்குத்தான் ஐயா."

ஆட்டுக்கறி அச்சில் வந்த மறுநாள் உன் வீட்டு மதிலில் 'துரோகி' என்று தாரால் எழுதியிருந்தது. உன் அப்பா சுண்ணாம்பு அடித்தார், அதற்கு மேலும் தார் தெரிந்தது. அதன் பிறகு நீ அனுப்பிய எந்தச் செய்தியும் எந்தப் பத்திரிகையிலும் வரவில்லை. கோயிலில் பெண்கள் உன்னோடு பேசுவதை நிறுத்தினார்கள். காமாலை உன்னைப் பிடித்தபோது பார்க்க வந்தவர்களை விரல்விட்டு எண்ணலாம். ஆனால் சாவீட்டுக்கு எல்லாரும் வந்தார்கள். பாடையின் முன்பக்கத்தைத் தோளில் வாங்கியது யார் தெரியுமா? தலைவர்தான். அழுதார். உண்மையாகத்தான் அழுதார் என்று நினைக்கிறேன். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

போன மாதம் ஏறாவூருக்குப் போனேன். தனியாக, யாருக்கும் சொல்லாமல். சரீப் காக்கா இப்போது சந்தை மூலையில் கருவாடு விற்கிறார். வாடி மறுபடி எழவில்லை. நான் யார் என்று சொன்னேன். பிறகு நீ அவரைப் பற்றி எழுதிய கடைசிப் பத்தியை, மனப்பாடமாக இருந்ததை, சொல் பிசகாமல் சொன்னேன். கருவாட்டைத் தராசில் வைத்தபடி முழுவதையும் கேட்டார்.

"நல்லா எழுதியிரிக்கா அந்தப் புள்ள" என்றார். "ஆனா இத எனக்கிட்டச் சொல்லி என்ன புள்ள? நான் தடுக்கல்ல எண்டு எனக்குத் தெரியும்தானே. அங்க, உங்கட ஊரில சொல்லுங்க."

ஞாயிற்றுக்கிழமை வாசிகசாலைத் திறப்பு விழா. தலைவர்தான் திறக்கிறார். என்னைப் பேசச் சொல்லி நேற்று ஆள் அனுப்பியிருந்தார். உருக்கமாக நாலு வார்த்தை, சனம் கண் கலங்க வேண்டுமாம். என் அப்பாவும் வருவார், முன்வரிசையில் இருப்பார். வாடியை எரித்தவர்களும் வருவார்கள்.

பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர் என்னிடம் கேள்வி கேட்டால் நான் குனிந்து குறிப்பேட்டைப் புரட்டுவேன், நீதான் எழுந்து பதில் சொல்வாய். அந்தத் துணிவை நீ எனக்கு விட்டுப்போகவில்லை, உன்னோடு கொண்டுபோய்விட்டாய். என்னிடம் மிஞ்சியிருப்பது இந்தக் கோபமும் அந்தக் கடைசிப் பத்தியும்தான். இரண்டையும் எடுத்துக்கொண்டு போகிறேன். என் குரல் சின்னது. ஆனால் மண்டபமும் சின்னதுதான்.