மிதிக்க வேண்டிய கல்

வெள்ளிக்கிழமை, இரவு.

கோபம் இன்னும் அடங்கவில்லை. காது கேளாத நாடக நடிகை என்று என்னைப் பாராட்டி, பேருந்து நிலையத்து நடைபாதையில் என் பெயர் பொறித்த கல்லைப் போன வாரம் பதித்தார்கள். ஊரே நடந்து போகிற இடம் என்பதால்தான் சம்மதித்தேன். இன்று போய்ப் பார்த்தால் கல்லுக்கு மஞ்சள், குங்குமம், மல்லிச் சரம். யாரும் மிதித்துவிடாதபடி சுற்றிலும் கயிறு வேறு.

கயிற்றை அவிழ்த்தேன். அதைக் கட்டிய பூக்கார அக்கா ஓடி வந்து தடுத்தாள். அவள் வாயசைவைப் படித்தேன்.

"உன் பேர மிதிச்சிக்கினு போவாங்கமா! பாவம் இல்ல?"

நான் சாகவும் இல்லை, சாமியாகவும் இல்லை. செருப்போடு கல்மேல் ஏறி நின்றேன். அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். விடுவேனா? கையைப் பிடித்து இழுத்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு, பூவை மிதிப்பதுபோல் ஒரு காலை வைத்தாள். பலமாக மிதி என்று சைகை காட்டினேன்.

மிதித்தாள். சரியாகப் பதிக்காத கல், என் காலடியில் அதிர்ந்து ஆடியது. மேடையில் மத்தளத்தை நான் காலால்தான் கேட்பேன். என் பெயரைக் கேட்டது இன்றுதான்.

நாளைக்கும் கயிறு கட்டட்டும், பார்க்கிறேன்.