கோயிலைத் திருப்பப் போகிறார்கள், அக்கா

என் பிரியமுள்ள எஸ்தர் அக்காவுக்கு,

நீ போன பிறகு உனக்கு எழுதுகிற முதல் கடிதம் இது. நல்ல சேதியாக எழுத ஆசைதான். ஆனால் நம் கோயிலைத் திருப்பப் போகிறார்கள். நாளைக்கு ஆராதனை முடிந்ததும் சபைக் கூட்டம், கை தூக்கச் சொல்வார்கள். எஸ்தருடைய தம்பி எந்தப் பக்கம் தூக்குவான் என்று எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

நீ இருந்தவரை இந்தப் பேச்சைத் தலையெடுக்க விட்டதில்லை. "ரோடு போற பக்கமெல்லாம் கோயிலைத் திருப்பிக்கிட்டே இருந்தா, நாளைக்கு மெட்ரோ வந்தா என்னய்யா பண்ணுவீங்க?" என்று ஒரே கேள்வியில் கமிட்டியை உட்கார வைத்துவிடுவாய். இப்போது அப்படிக் கேட்க ஆளில்லை. எனக்குத் தெம்பும் இல்லை.

கோயில் கட்டிய காலத்தில் சேலையூர்ப் பக்கமெல்லாம் வயலும் ஏரியும்தானே? ஊருக்குள் வரும் வண்டிப்பாதை ஏரிக்கரை மேல் வந்தது. அதனால் பீடத்தைக் கிழக்கே வைத்து, வாசலை மேற்கே ஏரியைப் பார்த்து வைத்தார்கள். ஜனங்கள் பாய் விரித்துத் தரையில் உட்கார்ந்ததால், அவர்கள் முகத்துக்குக் காற்று வரட்டும் என்று சன்னல்களை முழங்கால் உயரத்திலேயே வைத்தார்கள். பெஞ்சு வந்த பிறகு அந்தக் காற்று நம் காலுக்கு மட்டும்தான் வருகிறது. சுண்ணாம்புச் சுவர், தேக்கு உத்தரம், சின்னச் செங்கல்லைக் குத்துவாக்கில் அடுக்கிய கூரை. பீடத்துக்குப் பின்னால் உனக்குப் பிடித்த வட்டச் சன்னல். காலை ஆராதனையில் அதன் சிவப்பும் நீலமும் ஆயருடைய வெள்ளை அங்கியில் விழும்.

பிறகு பாதை கரையை விட்டுப் போய்க் கோயிலுக்குப் பின்னால் ரோடானது. ஏரிக்கு முன்னால் வயல் இருந்த இடத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பு வந்து, அதன் மதில் நம் வாசலுக்கு நேரே நிற்கிறது. நடுவில் ஒரு சந்து, அவ்வளவுதான். இப்போது சபை முழுக்க பீடத்தை ஒட்டிய ஆயர் அறைக் கதவு வழியாகத்தான் நுழைகிறது. பிந்தி வருகிறவர்கள் எல்லோர் முகத்திலும் விழித்துக்கொண்டு வரவேண்டும். அதைப் பார்ப்பதற்கென்றே நீ சீக்கிரம் வருவாய்.

திட்டம் இதுதான். வட்டச் சன்னல் இருக்கிற சுவரை இடித்து, ரோட்டைப் பார்த்து வாசல் வைப்பது. பீடத்தை மேற்கே கொண்டுபோய், பழைய வாசலை அடைத்துவிடுவது.

மறைமலை நகரில் வேலை பார்க்கும் நம் சபைப் பையன் டேவிட், "மாமா, வாசல் எங்கேன்னே தெரியாத சர்ச்சுக்கு புதுசா யார் வருவாங்க?" என்கிறான். பக்கத்து வீட்டு சரோஜாவோ என்னை ரோட்டிலேயே நிறுத்திவிட்டாள். "இன்னாண்ணே, அக்கா போய் ஈரம்கூடக் காயல, கோயிலப் பெரட்டிப் போடலாம்னு சொல்லிக்கினு கீறாங்க. நீயும் சும்மா பாத்துக்கினு கீற?" என்றாள். அலுப்பாக இருக்கிறது அக்கா. ஒரு கட்டடத்துக்காக எத்தனை வருஷம்தான் சண்டை போடுவது?

உன்னிடம் யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். உன்னை எடுத்த அன்று, மேற்கு வாசல் வழியாகத்தான் கொண்டுபோக வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருந்தேன். கல்யாணப் புடவையோடு நீ நுழைந்த வாசல் அல்லவா? கதவைத் திறந்தால் சந்து முழுக்க அடைத்துக்கொண்டு ஒரு கார். அதன் சொந்தக்காரருக்குப் போன் போட்டோம். "சாரி சார், நான் சிறுசேரி ஆபீஸ்ல இருக்கேன். வர்றதுக்கு ஒரு மணி நேரமாவது ஆகும்" என்றார். பாவம், அவருக்கு என்ன தெரியும்? வெயில் ஏறிக்கொண்டிருந்தது, ஆயர் என் முகத்தைப் பார்த்தார். ஆயர் அறைக் கதவு வழியாகவே உன்னை எடுத்தோம்.

அந்தக் கதவு குறுகல், தாண்டியதும் ஒரு திருப்பம் வேறு. பெட்டியை ஒருக்களித்துச் சாய்த்தால்தான் வெளியே வந்தது. "மெதுவா, மெதுவா, அத்தையை நிமித்திப் பிடிங்க" என்று டேவிட் கத்தினான். உள்ளே நீ ஒரு பக்கமாகச் சரிந்தாய். அது என் கைக்குத் தெரிந்தது. வேறு யாருக்காவது தெரிந்ததா என்று நான் இதுவரை கேட்கவில்லை. எப்படிக் கேட்பது?

அன்றைக்கு உன் பக்கம் பேசுகிற தெம்பு எனக்குப் போய்விட்டது. கிழக்கைப் பார்த்துத்தான் ஜெபிக்க வேண்டும் என்று நீ சொன்னதெல்லாம் நியாயம்தான். வட்டச் சன்னல் போனால் நானும் அழுவேன். ஆனாலும் நாளைக்குத் திருப்பலாம் என்பவர்களோடுதான் கை தூக்கப் போகிறேன். திட்டுவதானால் திட்டு. உன் குரலைக் கேட்டு எவ்வளவு நாளாகிறது!

ஒரு வாக்கு மட்டும் தருகிறேன். வாசலின் அகலத்தை முடிவு செய்யும்போது நான் அங்கே இருப்பேன். பெட்டியின் இரண்டு பக்கமும் ஆட்கள் தோள் கொடுத்து, சாய்க்காமல், நேராக நடந்து வெளியே வருகிற அளவுக்கு அது இருக்கும். அதற்குக் குறைய விடமாட்டேன்.

உன்னைச் சாய்த்துத் தூக்கிய உன் தம்பி,
சாமுவேல்