பரவைக்குப் போன நடைவண்டி

அன்பு மகன் ஜெயபாண்டிக்கு,

பேரையூரிலிருந்து அப்பா எழுதுவது. நான் இங்கே சுகம், உன் அம்மா பரவையில் சுகம், ஏன் பரவையில் என்று பிறகு சொல்கிறேன். மஸ்கட் வெயிலில் நீயும் சுகமாயிருக்க முத்தாலம்மன் துணை. முதலில் நான் பட்ட மானக்கேட்டைக் கேள், இல்லாவிட்டால் உன் அம்மா ஒன்றை ரெண்டாக்கிச் சொல்வாள். பேத்தியைப் பார்க்க வெறுங்கையோடு போவதா என்று மரத்தில் ஒரு நடைவண்டி வாங்கிவிட்டேன். அதோடு பஸ் ஏறியதும் கண்டக்டர், "அண்ணே, ஒங்க வண்டியிலயே போயிருக்கலாம்ல, எதுக்கு எங்க வண்டி?" என்றான், பஸ்ஸே சிரித்தது. பரவையில் இறங்கி உள்ளே நுழைந்தால், கழுத்தே நிற்காத பிள்ளைக்கு நடைவண்டியா என்று உன் மாமியார் ஒச்சம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். எல்லோரும் சிரித்தார்கள், நம் மருமகள் முனீஸ்வரியைத் தவிர. நான் தும்மினாலே சிரிக்கிற பிள்ளை அது, சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தது, கண்ணெல்லாம் தண்ணீர்.

வருகிறவர்கள் எல்லாம் பிள்ளை யார் சாடை, பால் பத்துதா, அடுத்ததாவது ஆம்பளையா இருக்கட்டும் என்கிறார்கள், பெத்தவள் தூங்கினாளா என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை, மருமகளிடம் நேருக்கு நேர் பேசுவது நம் பக்கத்தில் வழக்கமில்லையே. பேய் அடித்திருக்கும், கோடாங்கியைக் கூப்பிட்டுத் திருநீறு போடுவோம் என்றார் ஒச்சம்மாள். நல்லவேளை அந்நேரம் நர்சம்மா வந்தது. "பேயுமில்ல, பிடிவாதமுமில்லம்மா. பிள்ளை பெத்த ஒடம்பு, ஒறக்கம் கெட்டா மனசும் சோந்து போகும். தூங்க விடுங்க, தனியா விடாதீங்க, அது பேசுனா காதுகொடுத்துக் கேளுங்க. அப்பவும் தெளியலைன்னா மதுரையில டாக்டர்கிட்ட காட்டணும், தள்ளிப் போடக் கூடாது" என்றது. அதனால்தான் உன் அம்மா வெட்கத்தை விட்டுச் சம்பந்தி வீட்டிலேயே தங்கிவிட்டாள். பால் குடிக்கிற நேரம் போக பிள்ளையை யார் தூக்குவது என்று அவளுக்கும் ஒச்சம்மாளுக்கும் போட்டி, முனீஸ்வரி கொஞ்சம் கண்ணயர்கிறாள். இங்கே நான் வைக்கிற ரசத்தை நாய்கூட மோந்து பார்த்துவிட்டுப் போகிறது.

பரவையிலிருந்து கிளம்புவதற்கு முன் நானும் ஒரு வழி கண்டேன். பேத்தி முகத்தைப் பார்த்து, "ஏ ஆத்தா, ஒங்கம்மா சாப்பிட்டாளா, என்ன வேணும்னு கேட்டுச் சொல்லு" என்றேன். அவளா சொல்வாள், வாயில் விரலை வைத்துக்கொண்டாள். விடாமல் கேட்டேன். கடைசியில், "வடை திங்கணும் போல இருக்காம்னு தாத்தாகிட்ட சொல்லு பாப்பா" என்று மெல்லப் பதில் வந்தது. பத்தியத்தை நினைத்து ஒச்சம்மாள் முறைப்பதற்குள் நான் மார்க்கெட்டுக்கு ஓடிவிட்டேன்.

இன்னும் முழுசாகத் தெளியவில்லையடா. போன ஞாயிறு போனில் பாப்பாவைப் பற்றியே கேட்டு, ரிசீவரை அதன் காதில் வைக்கச் சொன்னாயாம், முனீஸ்வரி கைக்கு வருவதற்குள் லைன் கட்டாகிவிட்டதாம். இனி அவளை முதலில் கூப்பிடு. அழுதால் அதட்டாதே, கேட்டுக்கொண்டிரு. லீவு கிடைக்குமா என்றும் பார். நேரத்துக்குச் சாப்பிடு, நீயும் உன் குடும்பமும் குறைவில்லாமல் இருப்பீர்கள்.

கிளம்பும்போது பேத்தியிடம், "தாத்தா போயிட்டு வாரேன்" என்றேன். பக்கத்தில் நின்ற முனீஸ்வரியிடம் சொல்ல நினைத்ததைச் சொல்லாமலே பஸ் ஏறிவிட்டேன். நடைவண்டியைச் சுமந்து வந்தது பேத்தியைப் பார்க்க, இனிமேல் வருவது உன்னைப் பார்க்கத்தான் தாயி என்று.

இப்படிக்கு,
உன் அப்பா
நல்லகாமன்