ஏழு மணிக் குரல்

என் கண்ணுக்கு அம்மா எழுதுறது. நீ அங்க சளி இருமல் இல்லாம, வேளாவேளைக்குச் சாப்பிட்டு நல்லா இருப்பேன்னு நம்புறேன். இங்க உங்கப்பா நல்லா இருக்கார். என்னைப் பத்திக் கடைசியில எழுதுறேன், நடுவுல தாண்டிப் போயிடாம வரிசையாப் படி.

உங்கப்பாவுக்கு இதயம் பலவீனமாயிடுச்சு, உடம்புல தண்ணி சேராமப் பாத்துக்கணும்னு சொல்லி, ஆஸ்பத்திரியில எடை மெஷினும் ஒரு சின்ன போனும் குடுத்தாங்கன்னு சொன்னேன்ல. அங்க போக ரெண்டு பஸ் மாறணும், தினமும் முடியாதுன்னுதான் இந்த ஏற்பாடு. காலையில ஏழு மணிக்கு அந்தப் போன் அடிக்கும். எடுத்தா ஒரு பொம்பளைக் குரல், பதிவு பண்ணி வெச்சது, வணக்கம் ஐயான்னு ஆரம்பிச்சு, இன்னைக்கு எடை எத்தனை, எத்தனை தலையணை வெச்சுப் படுத்தீங்க, கால் வீங்கியிருக்கா, நடந்தா மூச்சு வாங்குதான்னு கேக்கும். நாம நம்பரை அழுத்தணும். உங்கப்பா பத்து நாள் ஒழுங்கா ஏறினார். பதினோராம் நாள் வீம்பு பிடிச்சுட்டார். முப்பது வருஷம் லாரி ஓட்டினவன், லாரியைத்தான் எடை மேடையில ஏத்துவாங்க, என்னை ஏத்த நான் என்ன சரக்கான்னு ஒரே கத்தல். மாத்திரையை மட்டும் முழுங்குவார், மெஷின் பக்கம் தலைவெச்சுப் படுக்க மாட்டார். பதில் வரலைன்னா போனைத் திருப்பி வாங்கிட்டுப் போயிடுவாங்களோன்னு எனக்குப் பயம். அவர் அறுபத்தொரு கிலோ, நான் அறுபத்திரண்டு, ஒரு கிலோவுல என்ன குடி முழுகிடப் போகுதுன்னு நானே ஏறி நின்னு அழுத்த ஆரம்பிச்சேன். மத்த கேள்விக்கு அவரைக் கேக்கப் போனா சண்டை, அதனால கைக்கு வந்ததை அழுத்தினேன். அப்படித்தான் நினைச்சுட்டு இருந்தேன்.

மூணு வாரம் போச்சு. ஒரு நாள் கேள்வி முடிஞ்சும் அந்தக் குரல் வைக்கல. மூணு நாள்ல ரெண்டு கிலோ கூடியிருக்கு, உடம்புல தண்ணி சேருது, உடனே நர்ஸைப் பாருங்கன்னுச்சு. திரும்பிப் பாத்தா உங்கப்பா ஜன்னலோரம் உட்காந்து ஷேவ் பண்ணிட்டு இருக்கார், கால் ரெண்டும் குச்சியாட்டம். மறுநாளும் அதே பேச்சு, அதுக்கு அடுத்த நாளும் அதே. கொஞ்சமும் பதறாத குரல் கண்ணு, பஸ் வர நேரம் சொல்ற மாதிரி. நான் அழுத்தினது என் எடைதானே, அது எப்படி அவரைச் சொல்லும்னு புத்திக்குத் தெரியுது, மனசு கேக்கல, அவர் மத்தியானம் கண்ணசந்தா மூக்குக்கிட்ட விரலை வெச்சுப் பாப்பேன். அது என்னைச் சொல்லுதுன்னு மட்டும் தோணவே இல்ல, பாரேன் என் கூத்தை. மெஷின் கெட்டுப்போச்சுன்னு முடிவு பண்ணி, போனை இஸ்திரி போட்ட துணி அடுக்குக்கு அடியில தள்ளிட்டேன். வியாழக்கிழமை மத்தியானம் ஈரத்துணி வாளியோட மாடிப்படியில கால் வெச்சேன், படியோரம் இருந்த இஸ்திரித் துணிக்கு அடியிலேர்ந்து போன் அடிச்சுது. எடுத்தா வணக்கம் இல்ல, கேள்வி இல்ல. உட்காருங்கன்னு ஒரே வார்த்தை. அப்படியே படியில உட்காந்துட்டேன். உட்காந்தப்புறம்தான் தெரியுது, மூச்சு இரைக்குது, உங்கப்பாவைக் கூப்பிட வாய் வரல.

மறுநாள், எடை கூடினதைப் பாத்துட்டு ஆஸ்பத்திரியிலேர்ந்து நர்ஸம்மா வந்தாங்க. அவங்க முன்னாடி உங்கப்பா பெட்டிப்பாம்பா அடங்கி மெஷின்ல ஏறினார், அறுபது காட்டுச்சு. நாங்க கடைசியா அனுப்பினது அறுபத்தாறு. அவங்க அவரைப் பாத்தாங்க, அப்புறம் என்னைப் பாத்தாங்க. திருட்டுத்தனத்தை ஒத்துக்கிட்டேன். என் கணுக்காலுக்கு மேல கட்டைவிரலால அழுத்தி எடுத்தாங்க, பள்ளம் அப்படியே நின்னுச்சு. நாள் பூரா நின்னு இஸ்திரி போடுற கால் வீங்கத்தான் செய்யும்னு இருந்துட்டேன். எத்தனை தலையணைன்னாங்க, தாழப் படுத்தா மூச்சு முட்டுது, மூணுன்னேன். தினமும் மூணைத்தான் அழுத்தியிருக்கேன் கண்ணு. வீக்கம் ஆமாம், மூச்சு வாங்குறது ஆமாம். வியாழக்கிழமை மத்தியானம் கூப்பிட்டதையும் சொன்னேன். அவங்க போனைத் தட்டித் தட்டித் தேடிட்டு, இது காலை ஏழு மணிக்கு மட்டும்தான்மா கூப்பிடும், வியாழன் மத்தியானம் போனே வரலையேன்னாங்க. அப்ப யார்னு கேட்டேன். எப்படியோ உட்காந்தீங்களே, அது போதும்னு பையை மூடிட்டாங்க. உங்கப்பா மட்டும் அன்னையிலேர்ந்து அந்தப் போனைத் தொட மாட்டேங்கிறார்.

திங்கக்கிழமை பெரிய ஆஸ்பத்திரிக்குப் போறோம். இப்ப அவர்தான் விடிஞ்சதும் என்னை மெஷின்ல ஏத்தி நிக்க வெக்குறார், சரக்கு ஏறியாச்சான்னு கிண்டல் வேற, ஆனா நம்பரை ரெண்டு தடவை குனிஞ்சு பாக்குறார். போன்ல அவர் பேரை எடுத்துட்டு என் பேரைப் போட ஒரு வாரம் ஆகுமாம், அதுவரைக்கும் வணக்கம் ஐயாதான். எனக்குப் பயமா இருக்கு. நீ எப்பக் கூப்பிட்டாலும் எனக்கென்ன, கல்லுக்குண்டாட்டம் இருக்கேன்னு சொன்னவ நான். பெத்த பொண்ணுகிட்டச் சொல்லாததை, முகம் தெரியாத ஒரு குரல்கிட்ட மூணு வாரமா சொல்லிட்டு இருந்திருக்கேன்.

உனக்கு ஒரு குறையும் வராது, மனசு நிறைஞ்சு சொல்றேன், நூறு வயசு நல்லா இருப்பே. காலையில ஏழு மணிக்குக் கூப்பிடாதே, அந்த நேரம் நான் பதில் சொல்லணும். எப்பவும் வேலையைப் பாரு, அலையாதேன்னுதான் முடிப்பேன். இந்தத் தடவை அப்படி எழுதல. லீவு கேட்டுட்டு வா.

உன்
அம்மா