மழைக்கோட்டின் நிறம்

மலையடி விடுதி,
மாத்தளை வழி.
04.10.2024

அன்புள்ள ரஜனிக்கு,

நான் நலம். நீரும் சாருஜாவும் எப்படி? என்னுடைய இலக்கத்தை நீர் தடைசெய்து வைத்திருப்பதால் கடிதந்தான் ஒரே வழி. தபாற்காரருக்காவது என்னால் வேலை கிடைக்கட்டும்.

சாருஜா மேற்படிப்புக்கு மெல்பேர்ண் போகிறாள் என்று கொட்டாஞ்சேனை அக்கா சொன்னா. போகுமுன் ஒரு தடவை அவளைப் பார்க்க வேண்டும். வீட்டுக்கு வந்து உமக்குச் சங்கடம் தர விருப்பமில்லை. இங்கே சனிக்கிழமைகளில் நான் விடுதியில் பதிந்து வரும் ஆட்களைப் பழைய கோப்பிப் பாதையால் நடத்திக்கொண்டு போகிறேன். வெள்ளைக்காரன் காலத்தில் பொதிமாடுகள் கோப்பி மூட்டை சுமந்து இறங்கிய பாதை. பதித்த கல் இன்னும் அப்படியே கிடக்கிறது. இரண்டு பக்கமும் காடு, கீழே பள்ளத்தாக்கில் ஆறு. 19ஆம் திகதி அவளை அனுப்பும். ஒரு நாள் என்னோடு நடக்கட்டும்.

ஒன்பது வயதில் விட்டுவிட்டு வந்த பிள்ளை. கேட்க உரிமையில்லை என்பீர். இருந்தாலும் கேட்கிறேன்.

அன்புடன்,
வின்சன்ற்

வெள்ளவத்தை,
கொழும்பு 06.
09.10.2024

வின்சன்ற் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. சாருஜாவுக்கு இருபத்துமூன்று வயது. நான் அனுப்பி வைப்பதற்கு அவள் பார்சல் அல்ல. கடிதத்தை அவளிடமே கொடுத்தேன். இரண்டு தரம் வாசித்தாள்.

"ஆறு மாத வேலை எண்டுதானே அம்மா போனவர்?" என்று கேட்டாள். ஓம் என்றேன்.

வருவதும் வராததும் அவள் விருப்பம். வந்தாலும் முன்கூட்டி அறிவிக்க மாட்டாள்.

ரஜனி

மலையடி விடுதி,
20.10.2024

அன்புள்ள ரஜனிக்கு,

அவள் வரவில்லை.

நேற்று விடியவே மழை. ஓய்வுபெற்ற வங்கிக்காரர் ஒருவர் மனைவியோடு வந்திருந்தார். கொழும்பிலிருந்து சாமினி என்ற ஒரே பெயரில் பதிந்த இரண்டு இளம் பெட்டைகள். நான் ஆட்களின் பெயரைக் கேட்பதில்லை. மூடுபனிக்குள் பெயர்கள் குழம்பிவிடும். ஆளுக்கொரு நிறத்தில் மழைக்கோட்டுக் கொடுத்து, நிறத்தைச் சொல்லியே கூப்பிடுவேன். பெட்டைகளில் ஒன்று மஞ்சள், ஒன்று நீலம். சிவப்பைச் சாருஜாவுக்கென்று கையில் வைத்துக்கொண்டு, பாதை தொடங்கும் பாலத்தடியில் ஒரு மணித்தியாலம் எல்லாரையும் மறித்து வைத்திருந்தேன்.

"அங்கிள், ஆரைப் பாத்துக்கொண்டு நிக்கிறம்?" மஞ்சள் கேட்டது.

"என்ர மகள் வாறா, பிள்ளை."

"கண்டா மட்டுக்கட்டுவீங்களோ?"

"நல்ல கேள்வி! என்ர முகத்தை உரிச்சு வைச்ச பிள்ளை. தூரத்தில வரேக்கயே தெரிஞ்சிடும்."

அது சிரித்தது. பிறகு நாள் முழுக்க ஒரு கதையும் இல்லை. நான் பாதையின் சரித்திரம் சொல்லும்போது காட்டைப் பார்த்துக்கொண்டு நின்றது. கொழும்புத் திமிர்.

அவளை நீர்தான் மறித்திருப்பீர். எனக்குத் தெரியும். இத்தனை வருடத்தில் நான் கேட்டது ஒரு நாள்தானே, ரஜனி?

வின்சன்ற்

வெள்ளவத்தை,
25.10.2024

வின்சன்ற் அவர்களுக்கு,

சாருஜா வந்தாள். நீங்கள் பாலத்தடியில் மறித்து வைத்திருந்தவர்களில் அவளும் ஒருத்தி. சிநேகிதி சாமினியின் பெயரில் பதிந்துகொண்டு வந்தாள்.

புறப்படும்போது என்னிடம் சொன்னது இது: "நான் ஆரெண்டு சொல்லமாட்டன் அம்மா. அவரா என்னைக் கண்டுபிடிச்சா ஞாயிறும் நிண்டிட்டு வாறன்." மாற்றுடுப்பும் கொண்டுபோனாள். மடித்தது மடித்தபடி திரும்பி வந்தது.

நான் மறிக்கவில்லை. மறித்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. உங்களுக்காக அல்ல.

இரண்டு பெட்டைகளில் எது என்று நான் சொல்லப்போவதில்லை. உங்கள் முகத்தை உரித்து வைத்த பிள்ளை அல்லவா? ஆறுதலாக யோசித்துப் பாருங்கள்.

ரஜனி

மலையடி விடுதி,
30.10.2024

அன்புள்ள ரஜனி,

உமது கடிதம் கிடைத்தது. நடை முடிந்ததும் எல்லாரையும் நிற்பாட்டி எடுத்த படம் போனில் இருந்தது. பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

நீலம்தான். சந்தேகமேயில்லை. முகத்தில் என் அம்மாவின் அதே நாடி. ஆற்றைக் கடக்கும்போது என் கையைப் பிடித்தவள், கரைக்கு வந்த பிறகும் உடனே விடவில்லை. காலில் ஏறிய அட்டையை நான் உப்புப் போட்டுக் கழற்றினேன். "அப்பா இருந்தா இப்பிடித்தான் செய்திருப்பார், அங்கிள்" என்றாள். என் பிள்ளை எனக்குச் சொன்ன வார்த்தை அது. மடையன், விளங்காமல் அடுத்த வளைவுக்கு நடந்துவிட்டேன்.

மஞ்சளாக இருக்கவே முடியாது. அந்த முகத்தில் என்னுடையது என்று ஒன்றுமில்லை. நீர் வளர்த்த பிள்ளை அப்படி மூஞ்சியை நீட்டிக்கொண்டு நிற்கவும் மாட்டாள்.

அவளிடம் சொல்லும். அப்பா பிந்தித்தான் கண்டுபிடித்தார், ஆனால் கண்டுபிடித்துவிட்டார் என்று. விமானம் எப்போது? கட்டுநாயக்காவுக்கு வந்து தூரத்தில் நின்று கையசைத்துவிட்டுப் போய்விடுவேன். உமக்குக் கிட்டவும் வரமாட்டேன்.

அன்புடன்,
வின்சன்ற்

வெள்ளவத்தை,
05.11.2024

வின்சன்ற் அவர்களுக்கு,

நீலம் சாமினி. கிருலப்பனைப் பிள்ளை. தகப்பன் போன வருடம் மாரடைப்பில் காலமானார். அட்டை கழற்றிய அங்கிளைப் பற்றி நல்லதாகத்தான் சொன்னாள்.

உங்கள் கடிதம் வந்தபோது சாருஜா பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் அதை ஒளித்திருக்கலாம். ஒளிக்கவில்லை, கையில் கொடுத்தேன். மஞ்சளைப் பற்றி எழுதிய இடத்தைச் சத்தமாக வாசித்தாள்.

"அம்மா, சாமினியின்ர விலாசத்தை அவருக்குக் குடுங்கோவன். அவளுக்கு அப்பா இல்லை, அவருக்கு மகள் இல்லை. சரிவரும்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். பிறகு அறைக்குள் போனாள். நான் தேத்தண்ணி கொண்டுபோனபோது கண்ணாடிக்கு முன்னால் நின்று தன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தேத்தண்ணி ஆறும்வரை அப்படியே நின்றாள்.

அந்த முகத்தில் உங்களுடையது ஒன்றுமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பதினான்கு வருடமாகத் தினமும் அந்த முகத்துக்குத்தான் நான் சோறு போடுகிறேன். நெற்றி, மூக்கு, கோபம் வந்தால் வாய் கோணுவது, எல்லாம் நீங்கள். அதைப் பார்த்துப் பழக எனக்குத்தான் கனகாலம் எடுத்தது.

விமானம் நாளை மறுநாள், வியாழக்கிழமை. மாத்தளைக்குத் தபால் போய்ச்சேர இரண்டு நாளாகும். இதை இன்றைக்கே தபாலில் சேர்த்தால் சிலவேளை உங்களுக்கு நேரத்துக்குக் கிடைத்துவிடும்.

நாளைக்குத்தான் சேர்ப்பேன்.

ரஜனி